70 வயதில் லைசன்ஸ்: ஒன்லைனில் அழுத்துவதற்கு முன்னர் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: வரும் ஓகஸ்ட்டில் எனக்கு 70 வயதாகிறது. லண்டன் ஹரோவில் இருக்கிறேன். 1988இல் இங்கேதான் கார் டெஸ்ட் பாஸ் பண்ணினேன். கோடையில் காரின் பின்னால் கரவன் கட்டி இழுத்துப் போவேன். கோயில் மினிபஸ்ஸை ஓட்டுகிறேன். தேர்த் திருவிழாவுக்குச் சாமான் ஏற்ற 7.5 தொன் லொறி வாடகைக்கு எடுப்பதும் உண்டு. லைசன்ஸ் புதுப்பிப்பது ஒன்லைனில் ஐந்து நிமிட வேலை என்கிறான் மகன். எங்களுக்குத் தெரிந்த ஒருவரோ 95 பவுண்ட் கொடுத்தால் எல்லா உரிமையும் அப்படியே இருக்கும்படி செய்து தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் ஐயா. மகன் சொல்வது காருக்குச் சரி, மினிபஸ்ஸுக்கும் லொறிக்கும் பிழை. அந்தத் தெரிந்த மனிதர் சொல்வது எதற்குமே சரியில்லை, அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் லைசன்ஸ் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இடது ஓரம் வாகனப் பிரிவுகள், அதற்கடுத்து எந்தத் தேதியில் இருந்து, பிறகு எந்தத் தேதி வரை, கடைசி நிரலில் சில எண்கள். 1997 ஜனவரி 1க்கு முன்னர் கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவர் என்றபடியால் பி (கார்), பிஇ (காரோடு ட்ரெய்லர்) என்பவற்றோடு சி1, சி1இ, டி1, டி1இ என்பவையும் உங்களுக்கு இருக்கும். அன்றைக்கு நீங்கள் ஓட்டிக் காட்டியது ஒரு சின்னக் காராக இருந்திருக்கும், ஆனால் அரசாங்கம் கூடவே லொறியையும் மினிபஸ்ஸையும் சும்மா தந்துவிட்டது. அதற்குப் பிறகு பாஸ் பண்ணிய உங்கள் மகனுக்கு அது கிடையாது, அதனால்தான் அவருக்கு இது ஐந்து நிமிட வேலையாகத் தெரிகிறது.

சி1 என்றால் 3.5 தொன்னுக்கு மேல் 7.5 தொன் வரையான லொறி. சி1இ அதே லொறியோடு ட்ரெய்லரும் சேர்ந்தது, உங்களுடையதில் மொத்தம் 8.25 தொன்னுக்கு மேல் போகக் கூடாது. டி1 என்றால் 16 பயணிகள் வரையான மினிபஸ், ஆனால் காசு வாங்காமல். டி1இ அதே மினிபஸ்ஸோடு ட்ரெய்லரும் சேர்ந்தது. இந்த நான்கும் 70வது பிறந்தநாளோடு முடிகின்றன. முடிகின்றன என்றால் பறிபோகின்றன என்று அர்த்தமில்லை. நீங்கள் தனியாகக் கேட்டு, டொக்டரின் அறிக்கையும் வைத்தால்தான் திரும்ப வரும். கேட்காவிட்டால் லைசன்ஸ் கொடுக்கும் அரசாங்க நிறுவனமான டிவிஎல்ஏ உங்களைக் கூப்பிட்டு, ஐயா லொறியை மறந்துவிட்டீர்களே என்று கேட்கப் போவதில்லை. புதுக் கார்டு வரும், காரும் கரவனும் இருக்கும், மற்றவை இராது. பலர் அதைக் கவனிப்பதே அடுத்த முறை மினிபஸ் இன்சூரன்ஸுக்கு லைசன்ஸ் கொப்பி கேட்கும்போதுதான்.

கரவனைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். அதற்கு வேண்டியது பிஇ மட்டும்தான், அது காரோடு சேர்ந்து சாதாரணமாகப் புதுப்பிக்கப்படும், மெடிக்கல் எதுவும் இல்லை. 2021 டிசம்பர் 16இல் இருந்து 1997க்குப் பின்னர் பாஸ் பண்ணியவர்களுக்கே 3,500 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்க அனுமதி கொடுத்து, அந்த டெஸ்ட்டையே எடுத்துவிட்டார்கள். ஆகவே கரவன் போய்விடும் என்று பயமுறுத்தி உங்களிடம் காசு கேட்பவர் ஒன்றில் விசயம் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர். ஒன்று மட்டும், இழுக்கும் கரவன் இல்லாமல் ஓட்டும் மோட்டார்ஹோம் வைத்திருந்து அதன் எடை 3.5 தொன்னைத் தாண்டினால் அதற்கு சி1 வேண்டும்.

இனி எப்படிச் செய்வது. பிறந்தநாளுக்கு 90 நாள் இருக்கும்போது டிவிஎல்ஏ உங்களுக்கு டி46பி என்ற படிவத்தைத் தபாலில் அனுப்பும். அது காருக்கானது. அதை மட்டும் நிரப்பி அனுப்பினாலும், ஒன்லைனில் புதுப்பித்தாலும், நான் மேலே சொன்னதுதான் நடக்கும். லொறியும் மினிபஸ்ஸும் வேண்டுமென்றால் டி2 என்ற விண்ணப்பமும் டி4 என்ற மருத்துவ அறிக்கையும் சேர்த்துத் தபாலில் ஸ்வான்சியில் இருக்கும் டிவிஎல்ஏக்கு அனுப்ப வேண்டும். டி4ஐ அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், டி2ஐ அதே இடத்தில் கேட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இந்த இடத்தில் எத்தனையோ பேர் சறுக்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மினிபஸ் பிரிவின் பெயர் டி1. போஸ்ட் ஒபிஸில் கிடைக்கும் கார் லைசன்ஸ் விண்ணப்பத்தின் பெயரும் டி1! என் டி1 முடியப் போகிறது என்று போய் டி1 படிவத்தை வாங்கி, ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பி அனுப்பி, டி1ஐ இழந்தவர்கள் இருக்கிறார்கள். இப்படிப் பெயர் வைத்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், படிவம் மட்டும் ஓய்வு பெறவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது டி2, டி4. ஒரு துண்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

டி4ஐ நிரப்புவது யார்? உங்கள் ஜிபி செய்யலாம், ஆனால் இது என்எச்எஸ் வேலை இல்லை, அவர்கள் விரும்பிய காசு கேட்கலாம், செய்ய மாட்டோம் என்றும் சொல்லலாம். பல இடங்களில் நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள், அதற்கும் ஆறு கிழமை கழித்துத்தான் திகதி கொடுக்கிறார்கள். லொறிக்காரர்களுக்கு மெடிக்கல் செய்து கொடுக்கும் தனியார் டொக்டர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. டொக்டர்களைப் பதியும் ஜிஎம்சியில் அவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அது போதும். போகும்போது படம் உள்ள ஏதாவது அடையாள ஆவணம், குடிக்கும் மருந்துகளின் பட்டியல், ஆஸ்பத்திரிக் கடிதங்கள், கண்ணாடியின் பிரிஸ்கிரிப்ஷன் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கண்ணுக்கான பகுதியை டொக்டர் செய்யலாம், கண்ணாடிக் கடையில் இருக்கும் ஒப்டீஷியனும் செய்யலாம். என்னைக் கேட்டால் அந்தப் பகுதிக்கு முதலில் ஒப்டீஷியனிடம் போங்கள், ஏனென்றால் கண்ணாடியின் பவர் எவ்வளவு என்பதை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும், அது தெரியாமல் டொக்டர் முன்னால் உட்கார்ந்தால் அரைகுறைப் படிவத்தோடுதான் திரும்புவீர்கள். டொக்டர் கையெழுத்திட்டு நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், ஆகவே ஜனவரியிலேயே செய்து அலுமாரியில் வைக்கிற வேலை வேண்டாம்.

கண் அளவு காருக்கு உள்ளதை விடக் கடுமை. காருக்கு 20 மீட்டரில் நம்பர் பிளேட் வாசித்தால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. லொறிக்கும் மினிபஸ்ஸுக்கும் எழுத்துப் பலகையை வாசிக்கும் அளவில் நல்ல கண்ணில் 6/7.5, மற்றக் கண்ணில் குறைந்தது 6/60 வேண்டும், கண்ணாடியோடு பார்த்தால் போதும். கண்ணில் புரை இருந்தால் சத்திரசிகிச்சை முடித்துவிட்டு மெடிக்கலுக்குப் போங்கள். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 100ஐயோ தொட்டுக்கொண்டு நின்றால் லொறி உரிமை கிடைக்காது. டொக்டரைக் கண்டவுடன் ஏறுகிற ஆள் நீங்கள் என்றால் வீட்டில் எடுத்த கணக்கையும் கொண்டு போங்கள்.

சலரோகம் நம்மவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையோ ஊசியோ, எதுவாக இருந்தாலும் டி4இல் மறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவருக்கு லொறி, மினிபஸ் உரிமை முடியவே முடியாது என்பது பழைய கதை, இப்போது முடியும், ஆனால் மீற்றரில் எடுத்த அளவுகளைக் காட்டி ஒவ்வொரு வருடமும் திரும்பச் சோதனைக்குப் போக வேண்டும். கோயில் வானை வருடத்துக்கு நாலு தரம் ஓட்டுவதற்காக அந்தப் பாடு வேண்டுமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

இப்போது அந்த 95 பவுண்ட் மனிதர். 70 வயதில் லைசன்ஸ் புதுப்பிக்க டிவிஎல்ஏ ஒரு பென்ஸும் வாங்குவதில்லை. இலவசம். உங்கள் செலவு மெடிக்கலுக்கு மட்டும், அது டொக்டருக்குப் போகிற காசு. அப்படியென்றால் இவர் வாங்கும் 95 எதற்கு? இலவசப் படிவத்தை உங்கள் சமையலறை மேசையில் இருந்து நிரப்புவதற்கு. நல்ல கையெழுத்துக்கு அவ்வளவு கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம், ஆனால் எல்லா உரிமையும் அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுக்க அவர் யார்? அதைத் தீர்மானிப்பது உங்கள் கண்ணும் இரத்த அழுத்தமும் ஸ்வான்சியில் இருக்கும் ஆட்களும். டொக்டரைப் பார்க்காமலே டி4 எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே வேண்டாம், நாளைக்கு விபத்து நடந்தால் பொய் அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்து, அவருடையது இல்லை. இணையத்தில் தேடினால் முதல் வரிசையில் அரசாங்கத் தளம் மாதிரியே நிறமும் எழுத்தும் போட்டு வரும் தளங்களும் இதே இனம்தான், காசு வாங்கிக்கொண்டு உங்கள் விபரத்தை அப்படியே டிவிஎல்ஏக்குத் தள்ளிவிடுவார்கள், அதுவும் காருக்கு மட்டும். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முந்திய பகுதி கவ் டொட் யூகே என்று முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

மினிபஸ்ஸில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கோயில் கமிட்டிகளில் அரைகுறையாக உலாவுகிற விசயம் அதுதான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டி1 இல்லாமல் வெறும் கார் லைசன்ஸோடு மினிபஸ் ஓட்டலாமே, மெடிக்கல் எதற்கு என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொல்வார். சொல்வது முழுப் பொய்யும் இல்லை. வயது 21க்கு மேல், லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் கடந்திருக்க வேண்டும், சம்பளம் வாங்காமல் தொண்டாக ஓட்ட வேண்டும், லாப நோக்கமில்லாத அமைப்பு சமூக வேலைக்குப் பயன்படுத்தும் வண்டியாக இருக்க வேண்டும், வண்டியின் எடை 3.5 தொன்னைத் தாண்டக் கூடாது (மாற்றுத் திறனாளிகளை ஏற்றும் கருவி பொருத்தியிருந்தால் 4.25 வரை), ட்ரெய்லர் கட்டக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் ஓட்டலாம். ஆனால் இதற்கடுத்த வரியை யாரும் வாசிப்பதில்லை: 70 வயதைத் தாண்டியவர் இந்த வழியில் ஓட்டுவதற்கும் அதே லொறிக்காரர் மருத்துவத் தகுதி வேண்டும். அதாவது மெடிக்கலில் இருந்து தப்ப உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அதோடு 17 சீட் மினிபஸ்களில் பல 3.5 தொன்னுக்கு மேல்தான், வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் பாருங்கள், கமிட்டிச் செயலாளரின் ஞாபகத்தை நம்பாதீர்கள்.

அதே மினிபஸ்ஸில் இன்னொன்று. உங்கள் டி1இல் காசு வாங்கி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு, பழைய கார்டில் 101 என்று போட்டிருக்கும். பேர்மிங்ஹாம் கோயிலுக்குப் போகிறோம், ஆளுக்கு ஐந்து பவுண்ட் பெற்றோல் காசு என்று சேர்த்தால் சட்டத்தின் கண்ணில் அதுவும் காசு வாங்கி ஓட்டுவதுதான். லாப நோக்கமில்லாத அமைப்பு காசு வாங்கி ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் செக்ஷன் 19 பெர்மிட்டைக் கோயில் அமைப்பு எடுத்து வண்டியில் வைத்திருந்தால் அது பிரச்சினை இல்லை. எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்துவிட்டோம், தேடிப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தால் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

விண்ணப்பம் போன பிறகு பதில் வரும் வரை வண்டியை நிறுத்த வேண்டுமா என்ற கவலையும் வரும், ஸ்வான்சியில் மருத்துவப் பகுதிக்குப் போன கோப்பு எப்போது வெளியே வரும் என்பது அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. பழைய லைசன்ஸ் முடிவதற்குள் சரியான விண்ணப்பம் அவர்கள் கையில் சேர்ந்திருந்தால், ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லாவிட்டால், லைசன்ஸ் ரத்தாகியோ மறுக்கப்பட்டோ இல்லாவிட்டால், 1988 வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 88வது பிரிவின்படி தொடர்ந்து ஓட்டலாம், ஒரு வருடம் வரை. இன்சூரன்ஸ் கொம்பனிக்கு அதை எழுத்தில் சொல்லி வையுங்கள். அனுப்பும்போது பதிவுத் தபால், எல்லாப் பக்கத்துக்கும் ஃபோனில் ஒரு படம்.

லொறி விசயத்தில் சுருக்கமாக: திருவிழாச் சாமான் ஏற்றுவதற்கு உங்களுக்கு 7.5 தொன் உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள். லூட்டன் வான் என்று வாடகைக்குக் கிடைக்கும் பெட்டி வண்டி பெரும்பாலும் 3.5 தொன், கார் லைசன்ஸே போதும், இரண்டு நடை போனால் சரி. சி1ஐ விடுவதா வைப்பதா என்பதற்காகத் தனியாக மெடிக்கல் செய்ய வேண்டியதில்லை, மினிபஸ்ஸுக்குச் செய்யும் அதே டி4 இரண்டுக்கும் செல்லும், ஆகவே டி2இல் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

புதுக் கார்டு கைக்கு வந்தவுடன் உறையைக் கிழித்து மேசையில் போட்டுவிடாதீர்கள். பின்பக்க அட்டவணையில் சி1, டி1 வரிகளில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் டி4 சரியாகப் போயும் வரி விடுபட்டு வருவது உண்டு. இல்லாவிட்டால் அன்றைக்கே, படம் எடுத்து வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபோன் பண்ணுங்கள். இருந்தால் நாட்காட்டியில் மூன்று வருடம் தள்ளிக் குறித்துவிடுங்கள், 73இல் திரும்பவும் டி2, டி4.