டர்போ காரில் டிராக் பந்தயத்துக்கு (402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்துக்கு) லாஞ்ச் கண்ட்ரோலை எத்தனை ஆர்பிஎம்மில் வைக்க வேண்டும்?

நேரடியான விடை வேண்டுமென்றால், என் காரில் 3400 ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 3400 சுற்று. ஆனால் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நான் வீணாக்கிய 41,000 ரூபாயை நீங்களும் வீணாக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதே கேள்விக்கு இருவர் 4000 என்றும் 4500 என்றும் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தக் கார், எந்த டயர், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களிடம் மேனுவல் கியர் உள்ள டர்போ பெட்ரோல் கார் இருக்கிறது, ரீமேப் செய்து இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிவிட்டீர்கள், கூடவே லாஞ்ச் கண்ட்ரோலையும் போட்டுத் தருவதாக யாரோ சொல்லியிருக்கிறார் என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் நின்ற நிலையில், கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், ஈசியூ என்ற இன்ஜின் கணினி இன்ஜினைக் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்துகிறது. தீப்பொறியை இடையிடையே வெட்டுவது ஒரு வேலை. மிச்சமுள்ள தீப்பொறியைத் தாமதப்படுத்துவது இன்னொரு வேலை. தீப்பொறி தாமதமானால், எரியும் வாயு சிலிண்டருக்குள் செய்ய வேண்டிய வேலையை முடிக்காமலேயே சூட்டோடு வெளியேறி டர்போவின் டர்பைனைச் சுழற்றும். அதனால்தான் சாதாரணமாகச் சுமையில்லாமல் 3400 ஆர்பிஎம்மில் பூஸ்ட்டே (கூடுதல் காற்றழுத்தமே) காட்டாத டர்போ, லாஞ்ச் கண்ட்ரோலில் 0.3 அல்லது 0.4 பார் வரை ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் படபட வெடிச் சத்தம் ஒரு பக்கவிளைவு மட்டுமே. வெட்டப்பட்ட தீப்பொறிக்கான பெட்ரோல் எரியாமல் போய் எக்ஸாஸ்ட் குழாயில் எரிகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காரில் அது நேராக அதன் உள்ளே போய் எரியும். ஒரு தடவைக்கு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என்னுடையது 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். ரீமேப்புக்குப் பிறகு 190 என்று சொன்னார்கள்; திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளை நான் பார்த்ததில்லை. 2019 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ஒரு மூடிய தடத்தில் 402 மீட்டர் ஓட்டத்துக்குத் தவளக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போனேன். லாஞ்ச் கண்ட்ரோல் போட்டுத் தந்த டியூனரும் அங்கே வந்திருந்தார். கோட்டில் நின்று மிதித்தபோது சத்தம் பிரமாதமாக இருந்தது, பத்துப் பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். கிளட்சை விட்டதும் கார் ஒரு முறை துள்ளி, விக்கி, அரை விநாடி செத்துப் பிழைத்து, மறுபடியும் ஒரு விக்கலுக்குப் பிறகே ஓடத் தொடங்கியது. முதல் 60 அடியைக் கடக்க 2.9 விநாடி. அதே நாளில் லாஞ்ச் கண்ட்ரோலை அணைத்துவிட்டு வெறும் காலால் கிளப்பியபோது 2.6. அதாவது, காசு கொடுத்து வாங்கிய வசதி காரை மெதுவாக்கியிருந்தது.

கிளட்ச் நழுவுகிறது, மாற்றிவிடுங்கள் என்று டியூனர் தீர்ப்புச் சொன்னார். மாற்றினேன், செட் 32,000, கூலி 9,000. செப்டம்பரில் மறுபடியும் போனேன். மறுபடியும் 2.9. அப்படியென்றால் டர்போ போய்விட்டது என்றார். ஈசியூவின் பதிவு (லாக்) ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்காமல் ஒரு மனிதர் அடுத்தவர் பணத்தில் பாகம் பாகமாகக் குற்றம் சாட்டிக்கொண்டே போகலாம் என்ற துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நான் வேலை பார்க்கும் ஆலையில் ஒரு பம்ப் நின்றால், அளந்து பார்க்காமல் மோட்டாரை மாற்று என்று சொல்பவன் மறுநாள் அங்கே இருக்க மாட்டான்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கடலூர் செம்மண்டலத்தில் ஜீப்புகளும் பழைய அம்பாசடர்களும் பார்க்கும் ஒரு பாய். லாஞ்ச் கண்ட்ரோல் என்ற சொல்லையே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். கொட்டகைக்கு முன்னால் இருந்த மண் தரையில் ஒரே ஒரு முறை கிளப்பிக் காட்டினேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தையோ மீட்டரையோ பார்க்காமல் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்க கிளட்சை விட்டுட்டீங்க. வண்டிக்கு அது இன்னும் தெரியலை" என்றார்.

அன்று இரவே ஈசியூவைப் படிக்க லேப்டாப்பைக் காரில் மாட்டினேன். இந்தத் தலைமுறை ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் 66ஆம் அளவீட்டுத் தொகுதியில் பிரேக், கிளட்ச் ஸ்விட்சுகளின் நிலை 0, 1 என்று தெரியும். என் தம்பி கீழே குனிந்து தரையிலிருந்து பெடல் வரை ஸ்டீல் ஸ்கேலைப் பிடிக்க, நான் பெடலை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விட்டேன். பெடலின் மொத்த ஓட்டம் 135 மில்லிமீட்டர். கிளட்ச் பிடிக்கத் தொடங்கிய இடம் 58. ஸ்விட்ச் மாறிய இடம் 118! கம்பெனி அந்த ஸ்விட்சைப் பெடலின் உச்சியில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: காலை லேசாக வைத்தாலே குரூஸ் கண்ட்ரோல் விடுபட வேண்டும். லாஞ்ச் கண்ட்ரோல் எழுதியவர் அதே ஸ்விட்சைக் கடன் வாங்கிக்கொண்டார். ஆகவே கிளட்ச் பிடித்து, கார் நகர்ந்து, 60 மில்லிமீட்டர் ஓட்டம் முடியும் வரை, கிளட்ச் இன்னும் மிதித்தபடிதான் இருக்கிறது என்று நம்பி ஈசியூ தீப்பொறியை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது விக்கலுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. கார் 8 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் லாஞ்ச் கண்ட்ரோல் விலகிவிடும். ஆனால் வேகமும் இருக்கிறது, கிளட்சும் மிதித்திருக்கிறது என்றால், ஆக்சிலரேட்டரை விடாமல் கியர் மாற்றுகிறான் என்று முடிவு செய்து அதற்கான வெட்டை அது தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, கடற்காற்றின் உப்பில் அந்த ஸ்விட்சின் கனெக்டர் பின்கள் இரண்டும் பச்சை பூத்திருந்தன. துடைத்த பஞ்சு மயில்துத்தம் தொட்டதுபோல் ஆனது.

புதுச்சேரியில் மின்சாதனக் கடையில் 180 ரூபாய்க்கு உருளை வைத்த லிமிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பிராக்கெட் வளைத்து, துளையை நீள்துளையாக அறுத்து, பெடலுக்குப் பக்கத்தில் பொருத்தினேன். முதலில் 50இல் மாறும்படி வைத்தேன். விக்கல் குறைந்தது, போகவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3400 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டரும் ஒரு முறை எரிந்து முடிய இரண்டு சுற்று, அதாவது ஏறத்தாழ 35 மில்லி விநாடி ஆகும்; ஸ்விட்ச் மாறிய பிறகு எல்லாச் சிலிண்டருக்கும் தீப்பொறி திரும்ப அவ்வளவு நேரம் வேண்டும். என் கால் பெடலை முழுவதும் விடக் கால் விநாடி எடுக்கிறது என்று வைத்தால், அந்த 35 மில்லி விநாடிக்குள் பெடல் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 58இல் 20 போனால் 38. அங்கே நகர்த்திய பிறகு கார் விக்கவே இல்லை. அதைவிடக் கீழே போனால் கிளட்ச் பிடிப்பதற்கு முன்பே ஆர்பிஎம் தறிகெட்டு ஏறுகிறது. தினசரி ஓட்டத்துக்குப் பழைய ஸ்விட்சே இருக்கும்படி டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு டாகிள் ஸ்விட்ச் வைத்துக்கொண்டேன். பிராக்கெட்டும் வயரும் எந்த நிலையிலும் பெடலைத் தடுக்கக் கூடாது என்பதை மட்டும் பத்து முறை மிதித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆர்பிஎம்மின் முறை இதற்குப் பிறகுதான் வருகிறது. 2800இல் தொடங்கி இருநூறு இருநூறாக ஏற்றினேன். 3400இல் 60 அடி 2.35 விநாடி, 402 மீட்டர் 15.6. 3800இல் சத்தமும் புகையும் கூடின, நேரம் 2.5க்குத் திரும்பியது, ஏனென்றால் முன்சக்கரம் இழுக்கும் காரில் கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து, பிடிப்பு தேவைப்படும் சக்கரங்களே இலேசாகிவிடுகின்றன. முன் டயர்க் காற்றை 33இலிருந்து 26க்கு இறக்கியது ஆர்பிஎம்மை ஏற்றியதைவிட அதிகம் உதவியது. சாதாரணச் சாலை டயர்களுக்கு 4500 சொல்பவர்கள் எதை அளந்து சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் காரில் உள்ளதுபோன்ற பழைய 5 கியர் பெட்டியில் இன்னொரு அபாயமும் உண்டு: இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் இப்படிப்பட்ட அடியில் அறுந்து பெட்டியின் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போடாமல் நான் இரண்டாவது சீசனுக்குப் போகவில்லை. வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த மே மாதப் பிற்பகலில் மூன்றாவது ஓட்டத்தின்போது உள்ளிழுக்கும் காற்று 62 டிகிரி காட்டியது. சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் சிறிய இன்டர்கூலர் அதற்கு மேல் என்ன செய்யும்? ஓட்டங்களுக்கு இடையே பானெட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் காத்திருங்கள்.

இளைஞர்களைச் சாலையில் பந்தயம் விடத் தூண்டுகிறேன் என்று எப்படியும் யாராவது எழுதுவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதில் எதையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்து பார்க்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அதைவிட, எதிரே வருபவருக்கு உங்கள் 60 அடி நேரம் தெரியாது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து முறையான தடம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான். கூடவே, என் காரின் பிஒய் எண்ணை, அதாவது புதுச்சேரிப் பதிவெண்ணைப் பார்த்ததுமே வரி ஏய்ப்பவன் என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதுச்சேரியில் வீடு, கடலூரில் வேலை என்று தினமும் முள்ளோடை எல்லையைக் கடப்பவன் வேறு எந்த எண்ணைத்தான் வைத்துக்கொள்வது?

உங்களுடையது ஏழு கியர் உலர்கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர் பெட்டி) என்றால் மேலே சொன்னது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பெட்டியே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. அதில் திரும்பத் திரும்ப லாஞ்ச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேனுவல் என்றால் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, லேப்டாப்பில் கிளட்ச் ஸ்விட்சின் நிலையைத் திறந்து, பெடலை மெல்ல விட்டு, அது மாறும் உயரத்தை ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சமதரையில் இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் கார் அசையத் தொடங்கும் உயரத்தையும் அளந்து, இரண்டு எண்களையும் டயர் அளவோடு சேர்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு ஆர்பிஎம் சொல்கிறேன்.