அட்டையில் இல்லாத வசனங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஆறு வருடங்களாகத் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்த வருடப் புதுவருட ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருடத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்டுத் தரும் அட்டையில், எரேமியா 29:11 இருந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். மார்ச்சில் என் கணவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கும் வேலை போய்விட்டது. ஜூனில் மாமியார் இறந்துபோனார். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒரு நாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் அந்த அட்டையைக் காட்டி, "அம்மா, இது நமக்குச் சொன்னதுதானே? ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அட்டையைக் கிழிக்கவும் மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசிக்க மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் லேவியராகமத்தில் நின்றுவிட்டது. என் அம்மா வருடாவருடம் முடிக்கிறார்கள். எனக்கு விசுவாசம் குறைவா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை வாசித்தேன். உங்கள் மகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அவனைக் கடிந்துகொள்ளாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கு நன்றி.

அந்த வசனத்தை முழுவதுமாக எழுதுகிறேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதில் "உங்கள்" என்று இருப்பதைக் கவனியுங்கள். நம் பழைய வேதாகமத் தமிழில் கர்த்தர் ஒரு மனிதரிடம் பேசினால் "நீ", "உன்" என்றுதான் பேசுவார். ஆபிரகாமிடமும் அப்படித்தான், மோசேயிடமும் அப்படித்தான். மரியாதைக்காக "நீங்கள்" என்று அழைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஆகவே கர்த்தர் "உங்கள்" என்றால் அங்கே பலர் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பவர் தவறவிடக்கூடியதைத் தமிழ் நமக்கு எழுத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. நாம்தான் அட்டையில் அதை ஒருமையாக வாசித்துவிடுகிறோம்.

அந்தப் பலர் யார்? எரேமியா 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். கைத்தொழில் தெரிந்தவர்களைத் தேடிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். ஊரை விட்டு, ஆலயத்தை விட்டு, அந்நிய பாஷை பேசும் பட்டணத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. எகொனியாவுக்குப் பின் எருசலேமில் ராஜாவான சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்களின் கையில் கொடுத்து அனுப்பினார்.

பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்த உங்களையும் சிறைப்பட்டுப் போனவர்களையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் "எப்போது ஊருக்குத் திரும்புவோம்" என்ற ஏக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த ஏக்கத்தோடு வாசித்தால் இந்தக் கடிதம் நன்றாகவே புரியும்.

11ஆம் வசனத்துக்கு முந்தியது 10ஆம் வசனம். அதை யாரும் அட்டையில் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். எழுபது வருஷம்! கடிதம் கிடைத்தபோது முப்பது வயதாயிருந்த தச்சனுக்கு அதற்குள் நூறு ஆகியிருக்கும். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் போவார்கள். அதைத் தெரிந்தே, அவர்களைப் பார்த்துத்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்பட்டது. டிசம்பருக்குள் நடக்க வேண்டிய காரியமாக அந்த வசனம் ஒருபோதும் இருந்ததில்லை. உங்கள் வீட்டில் பொய்யாய்ப் போனது வசனம் அல்ல. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று நாமாக அதற்குப் போட்ட கெடுதான் பொய்த்தது.

இதற்கு முந்திய 28ஆம் அதிகாரத்தை வாசிக்காமல் இது முழுதும் விளங்காது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கும்போது எழுந்து, இன்னும் இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துபோகும், போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். பல வருடங்கள் இந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். கவனித்தபோது மனம் கலங்கிவிட்டது. அனனியா சொன்னது நடந்தால் எரேமியாவுக்கும் சந்தோஷம்தான். அவருக்கும் சொந்த ஜனங்கள் திரும்பி வரவேண்டும். ஆசைப்பட்டது ஒன்று, கர்த்தர் தம்மிடம் சொன்னது இன்னொன்று. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. அனனியாவோ, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி, எல்லார் முன்பாகவும் முறித்துப் போட்டான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! இரண்டு வருஷம் என்றவன் கள்ளத் தீர்க்கதரிசி. எழுபது வருஷம் என்றவர்தான் மெய்யானவர்.

இதை உங்களிடம் வருத்தத்தோடு சொல்கிறேன்: எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியாக நாம் விநியோகித்துக்கொண்டிருக்கிறோம். "இந்த வருஷமே உனக்கு விடுதலை" என்ற வாக்குறுதிக்கு, அதை மறுத்த தீர்க்கதரிசியின் கடிதத்திலிருந்து சாட்சி எடுக்கிறோம். அட்டை கொடுக்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. நானும் வருடாவருடம் வரிசையில் நின்று வாங்கியவன்தான். ஆஸ்பத்திரியில் கிடந்த நண்பனுக்கு இதே வசனத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அவன் பிழைக்கவில்லை. அவன் மனைவி அந்தக் காகிதத்தை என்ன செய்தார் என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.

அப்படியென்றால் அந்த வசனம் உங்களுக்கு இல்லையா? இருக்கிறது. ஆனால் முழுக் கடிதத்தோடு சேர்ந்து இருக்கிறது. 5ஆம் வசனம் வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. 7ஆம் வசனம் இன்னும் கடினமானது: சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். எந்தப் பட்டணம்? தங்கள் ஊரைச் சூறையாடியவனின் பட்டணம். 7ஆம் வசனத்தில் வரும் சமாதானமும் 11ஆம் வசனத்தில் வரும் சமாதானமும் எபிரெயுவில் ஒரே சொல், ஷாலோம். சண்டை இல்லாமை மட்டும் அதற்குப் பொருள் அல்ல. உடல்நலம், பிழைப்பு, உறவு எல்லாம் குறைவில்லாமல் இருக்கும் நிலை. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பில் அதை "நல்வாழ்வு" என்று போட்டிருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பின் ஓசை என் காதில் ஊறியது, அதை விடமாட்டேன். ஆனாலும் இந்த இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்லது. உங்கள் சமாதானம் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கடிதத்தின் நடுநாடி. வேலை போன மற்ற குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்காகவும் ஜெபிக்கும் வீட்டில் அந்த அட்டை ஒட்டியிருக்கலாம். கிழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் 5, 7, 10 ஆகிய மூன்று வசனங்களையும் உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள்.

மாமியார் இறந்ததைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். துக்க வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் வசனம் சொல்லியிருப்பார்கள். என் தாத்தா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பாட்டிக்கு எழுத்துத் தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான்; எங்கள் ஊர் உபதேசியாரம்மா வீடுவீடாக வந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த எழுத்து. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு அதிகாரத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு வாசிப்பார்கள். வந்தவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார்கள். இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிற சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. நான் பயந்துபோய் அடுத்த சங்கீதத்துக்குத் தாவினேன். "அங்கே போகாதே, இன்றைக்கு இது போதும்" என்றார்கள். அப்படி நின்றுவிடுகிற ஒரு ஜெபத்தையும் வேதாகமம் தனக்குள் வைத்திருக்கிறது என்பதை நான் பிரசங்கத்தில் கற்றுக்கொள்ளவில்லை, பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். துக்கம் ஆறாத நாட்களில் நீங்களும் அங்கே நிற்கலாம். அவசரப்பட வேண்டாம்.

இனி லேவியராகமம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று என்று ஆதியாகமத்தில் தொடங்கினால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, சரியாக ஜனவரி 30இல் இரண்டும் முடியும். மறுநாள் லேவியராகமம் முதல் அதிகாரம்: சர்வாங்க தகன பலி, அதாவது முழுவதும் எரித்துச் செலுத்தும் பலி. நீங்கள் மட்டுமல்ல, சபையில் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். நாளுக்கு மூன்று அதிகாரம் ஓடுகிற ஓட்டத்தில் லேவியராகமம் வெறும் கொழுப்பும் குண்டிக்காயுமாகத்தான் தெரியும். அது ஓடிக் கடக்கிற இடம் அல்ல.

12ஆம் அதிகாரத்தை மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே வசனம். பிள்ளை பெற்றவள் சுத்திகரிப்புக்காக ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சக்தி இல்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். இதை வாசித்த கையோடு லூக்கா 2:24க்குப் போங்கள். குழந்தை இயேசுவோடு ஆலயத்துக்கு வந்த மரியாள் பலியாகக் கொடுக்க வந்தது புறாக்களைத்தான். ஏழைக்கென்று வைத்த சலுகையில் வந்த பலி அது. ஆட்டுக்குட்டி வாங்கப் பணம் இல்லை என்று லூக்கா வாய்திறந்து எங்கும் சொல்லவில்லை. லேவியராகமம் வாசித்தவர்களுக்குத்தான் அது தெரியும். வேலை போன வீட்டில் இதை வாசித்துப் பாருங்கள், சகோதரி.

பிறகு 19ஆம் அதிகாரம். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. கூலிக்காரனின் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வார்த்தையும் இங்கேதான் முதலில் வருகிறது. அந்தச் சிந்தின கதிரைப் பொறுக்கித்தான் ரூத் தன் மாமியாருக்குச் சோறு போட்டாள்.

ரூத் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1715இல் அது முழுதாக அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார். 1719இல் இறந்துபோனார். மீதியைப் பின்னால் மற்றொரு மிஷனெரி பெஞ்சமின் ஷுல்ட்சே முடித்தார். நம் கையில் வேதாகமத்தைக் கொடுத்தவரே அதைத் தமிழில் முழுமையாகப் பார்க்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவென்று நாம் சொல்லமாட்டோம். உங்கள் அம்மா வருடாவருடம் முடிப்பது பெரிய காரியம். அறுபது வருடப் பழக்கம் அவர்களை நடத்திச் செல்கிறது. உங்களுக்கு விடியற்காலையில் சாப்பாட்டுப் பாத்திரம் கட்டவேண்டியிருக்கிறது. இந்த வருடம் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரே புத்தகத்தை எடுங்கள். மாற்கு பதினாறு அதிகாரம்தான். வாய்விட்டு வாசித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடலாம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, இந்த முறை நாளுக்கு ஒரு பத்தி. வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண் தாவுகிற இடத்தில் நாக்கு நின்று போகும்.

உங்கள் மகனுக்கு எரேமியா 28ஐயும் 29ஐயும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். ஒரே நாளில் வேண்டாம். முதல் நாள், அனனியா நுகத்தை முறித்துப் போட, எரேமியா பதில் ஒன்றும் சொல்லாமல் தன் வழியே போகிற 11ஆம் வசனத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். "இரண்டு பேரில் யார் சொன்னது நடந்தது?" என்று அவன் கேட்பான். மறுநாள் மாலை ஜெபத்துக்கு அவனே முதலில் வந்து உட்காருவான்.