சாமானியன் காரிலா வருகிறான்?

கேள்வி: நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்குள் கார் ஓட்டிக்கொண்டு போனால் 9 டாலர் வாங்குகிறார்களாமே? பொதுச் சாலையில் போகவும் காசு என்றால் சாமானியன் எங்கே போவான்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: டாலர் இருக்கட்டும், முதலில் அந்தச் சாமானியனைப் பேசுவோம். எந்த ஊரில் எந்தக் கட்டணம் வந்தாலும் அவனைத்தான் இழுத்துவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். சரி, மன்ஹாட்டனுக்கு அவன் எதில் வருகிறான்? அங்கே வேலைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் வருகிறார்கள். அந்த ஊரில் தினமும் தனிக் காரில் வந்து, பார்க்கிங்குக்கும் கொட்டிக் கொடுக்க முடிகிறவர் சாமானியர் இல்லை. அந்தக் கார்களுக்குப் பின்னால் நகர முடியாமல் நிற்கிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் சாமானியன். அவனிடம் யாரும் 9 டாலர் கேட்கவில்லை.

இந்தக் கட்டணம் 2025 ஜனவரி 5-இல் தொடங்கியது. மன்ஹாட்டனில் 60-ஆவது தெருவுக்குத் தெற்கே நுழைந்தால் வார நாளில் காலை 5 முதல் இரவு 9 வரை காருக்கு 9 டாலர், அதுவும் நாளுக்கு ஒரு தடவைதான். ராத்திரியில் 2.25. வருமானம் குறைந்தவர்கள் பதிவு செய்துகொண்டால் மாதத்தில் முதல் 10 தடவைக்கு அப்புறம் பாதிக் கட்டணம். முதல் வருஷத்தில் உள்ளே வரும் வண்டிகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தன. இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். பந்திக் கதவு திறந்ததும் நூறு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது, பத்துப் பேர் ஒதுங்கி நின்றாலே எல்லாரும் போய்விடலாம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006-இல் ஏழு மாதம் சோதனையாக இப்படி வசூலித்தபோது கட்டண எல்லையைத் தாண்டுகிற வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடங்கும் முன் எதிர்த்த நகர மக்களே, அனுபவித்துப் பார்த்த பிறகு வாக்கெடுப்பில் வேண்டும் என்றார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி சிங்கப்பூர். 1975-லேயே காலை 7.30-இலிருந்து 9.30 வரை நகர மையத்துக்குள் வருகிற காருக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்தார்கள். மனுஷ புத்தி பாருங்கள், 9.30 அடித்ததும் மொத்தமாக உள்ளே பாய்ந்தார்கள், அதனால் 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1998 முதல் அங்கே மின்னியல் சாலைக் கட்டணம், அரை மணிக்கு ஒரு தடவை மாறுகிற விலை.

சாலையை அகலப்படுத்தினால் போதும் என்று இந்தப் பக்கத்துக்கு விடாமல் எழுதும் பொறியாளர் நண்பர்களே, இந்தச் சண்டையை நான் விடுவதாக இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 20 தடங்களுக்கும் மேலாக விரித்து 2008-இல் முடித்தார்கள். சில வருஷத்தில் நெரிசல் திரும்பி வந்துவிட்டது. சும்மா கிடைக்கிற இடத்தைக் கார்கள் நிரப்பிக்கொண்டே இருக்கும். வில்லியம் விக்ரி என்ற நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இதை 1950-களிலேயே சொல்லி, நேரத்துக்குத் தக்க கட்டணம் வாங்கச் சொன்னார். 1996-இல் நோபல் அறிவித்த மூன்றே நாளில் காலமாகிவிட்டார். தான் வேலை பார்த்த நியூயார்க்கிலேயே தன் யோசனை நடந்ததை அந்த மனிதர் பார்க்கவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

அந்த ஊரிலும் சுலபமாக வரவில்லை. 2024 ஜூன் மாதக் கடைசியில் 15 டாலராகத் தொடங்க வேண்டியது. சில வாரம் இருக்கும்போது ஆளுநர் கேத்தி ஹோக்கல் நிறுத்திவைத்தார். காரணம், உழைக்கும் குடும்பங்களுக்குச் சுமையாம். உங்கள் சாமானியனேதான். ஆனால் அந்தக் கட்டணத்தை நம்பித்தான் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 1,500 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டிருந்தார்கள். பணம் நின்றதும் கிழக்கு ஹார்லெமுக்கு நீட்டவிருந்த சுரங்க ரயில் பாதையின் வேலையும் நின்றது. கிழக்கு ஹார்லெம் ஏழைகள் நிறைந்த பகுதி. அங்கே பெரும்பாலான வீடுகளில் கார் கிடையாது.