வாசகர் கேள்வி: நிரலருக்கான ஆவணங்களை எங்கிருந்து சீர்செய்வது?

கேள்வி: நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சிறிய திறமூல மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நிறுவும் முறை ரீட்மி கோப்பிலும், வடிவமைப்புக் குறிப்புகள் விக்கியிலும், முக்கிய முடிவுகளுக்கான காரணங்கள் பழைய உரையாடல்களிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பங்களிக்க வருபவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் புதிய தளம் ஒன்றில் மறுபடி எழுதிவிடலாமா?

பதில்: அந்த எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். எந்தக் கருவி, எந்தத் தளம் என்ற விவாதத்தில் இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் கருவியை மாற்றுவதோடு ஓய்ந்துவிடுகின்றன. பழைய குழப்பம் புதிய பக்கங்களில் அப்படியே குடியேறிவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் யாருக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். மென்பொருளைப் பயன்படுத்த வருபவரும் அதன் நிரலைத் திருத்த வருபவரும் வெவ்வேறு வாசகர்கள். பைத்தான் மொழியில் பயனர்களுக்கான ஆவணங்கள் ஒரு தளத்திலும், பைத்தானையே உருவாக்குவதில் பங்கெடுப்போருக்கான கையேடு வேறொரு தளத்திலும் இருக்கின்றன. உங்கள் திட்டத்துக்கு இரண்டு கோப்புறைகளே போதும்.

பங்களிப்பாளர் பகுதியில், நிரல் கோப்புகள் அனைத்தும் உள்ள களஞ்சியத்தைத் தம் கணினிக்கு நகலெடுத்து, தேவையான தொகுப்புகளை நிறுவி, சோதனைகளை ஓட்டி, அவை அனைத்தும் தேறியதைத் திரையில் பார்ப்பது வரையிலான வழியை முதலில் எழுதுங்கள். ‘சூழலை வழக்கம்போல் அமைத்துக்கொள்ளவும்’ என்றொரு வரியைப் பல திட்டங்களில் காணலாம். வழக்கம் தெரிந்தவருக்கு அந்த வரி தேவையில்லை, தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. எந்தப் பதிப்பு வேண்டும், எந்தக் கட்டளையைத் தர வேண்டும், வெற்றி பெற்றால் திரையில் என்ன தெரியும், வழக்கமாக எந்தப் பிழை எழும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிறகு புதியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, வாய் திறக்காமல் அருகில் இருந்து கவனியுங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் திருத்த வேண்டியது உங்கள் வாக்கியத்தைத்தான். இதை ‘கான்ட்ரிபியூட்டிங்’ கோப்பாகக் களஞ்சியத்தின் முதல் நிலையிலேயே வைத்தால், புல் ரிக்வெஸ்ட் (தம் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) திறப்பவருக்கு, நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தானாகவே அதன் இணைப்பைக் காட்டும்.

அடுத்ததாக, நிரலின் அமைப்பை விளக்கும் ஒரே ஒரு பக்கம். எந்தக் கோப்புறை எதற்கு, பயனரின் ஒரு கோரிக்கை உள்ளே நுழைந்து வெளியேறும் வரை எவற்றைக் கடக்கிறது, எந்த எல்லையை மீறக் கூடாது என்பவை அதில் இருந்தால் போதும். தனித்தனிச் செயற்கூறுகளின் விவரம் நிரலுக்கு அருகிலேயே இருக்கட்டும். அவை அடிக்கடி மாறுபவை.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் அதிகக் கவலை தருவது, காரணங்கள் பழைய உரையாடல்களில் புதைந்து கிடப்பதுதான். நிரல் என்ன செய்கிறது என்பதை அதைப் படித்தே அறியலாம். ஏன் வேறு வழியில் செய்யவில்லை என்பதை அப்படி அறிய முடியாது. மைக்கேல் நைகார்டு 2011-இல் முன்வைத்த எளிய முறை இதற்கு உதவும்: ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு, அதில் பின்னணி, முடிவு, விளைவுகள். ‘தரவை எஸ்க்யூலைட்டில் (தனிச் சர்வர் இல்லாமல் இயங்கும் தரவுத்தளம்) சேமிக்கிறோம்’ என்பது முடிவு என்றால், தனிச் சர்வர் வேண்டாம் என்று கருதியது பின்னணி. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பது விளைவு. பின்னாளில் முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்காமல், அதைக் காலாவதியானதாகக் குறித்துவிட்டுப் புதிய கோப்பு எழுத வேண்டும். பழைய உரையாடல்கள் அனைத்தையும் தோண்ட வேண்டியதில்லை. யாராவது மறுபடி கேட்கும்போது அந்த ஒன்றை மட்டும் எழுதிவைத்தால் போதும்.

விக்கியை நான் கைவிடவே சொல்வேன். கிட்ஹப் விக்கி, நிரல் இருக்கும் களஞ்சியத்திலிருந்து பிரிந்த தனியொரு கிட் களஞ்சியம் என்பதால், நிரல் மாற்றத்தையும் அதற்கான விளக்கத்தையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் அனுப்ப முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் ஆவணங்கள் அதன் மூலநிரலோடு ஒரே கோப்புறை மரத்தில் இருக்கின்றன. அப்படி இருந்தால், ஆவணம் திருத்தப்படாத மாற்றத்தை மதிப்பாய்வின்போதே திருப்பி அனுப்பலாம்.

கேள்வி: பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, குறிப்பேடு, விளக்கவுரை என்று ஆவணங்களை நான்காகப் பிரிக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா?

பதில்: டேனியலே ப்ரோசிடாவின் டயடாக்ஸிஸ் முறையைச் சொல்கிறீர்கள். வலைத்தளங்களை உருவாக்க உதவும் பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவின் ஆவணங்களும் இதே நான்கு வகைகளில்தான் அமைந்துள்ளன. கற்றுக்கொள்ள வந்தவருக்கும் அவசரமாக ஒரு வேலையை முடிக்க வந்தவருக்கும் ஒரே பக்கம் பொருந்தாது என்பதே அதன் சாரம், அதைக் கடைப்பிடியுங்கள். ஆனால் எழுத ஒன்றுமில்லாமல் நான்கு வெற்றுக் கோப்புறைகளைத் திறந்துவைக்க வேண்டாம்.

கேள்வி: ஆவணத்தில் உள்ள நிரல் எடுத்துக்காட்டுகள் சில மாதங்களில் வேலை செய்யாமல் போகின்றன. என்ன செய்வது?

பதில்: அவற்றையும் சோதனையில் சேர்த்துவிடுங்கள். ரஸ்ட் மொழியில், நூலகத்தின் ஆவணக் குறிப்புகளில் உள்ள எடுத்துக்காட்டுகளை ‘கார்கோ டெஸ்ட்’ கட்டளை இயல்பாகவே தொகுத்து ஓட்டிப் பார்க்கும். பைத்தானில் இதே வேலைக்கு ‘டாக்டெஸ்ட்’ இருக்கிறது. இப்படி ஓட்டிப் பார்க்க இயலாத நீண்ட எடுத்துக்காட்டுகளை, களஞ்சியத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்பிலிருந்து ஆவணத்துக்குள் இழுத்துக் காட்டுங்கள்.