வலைப்பதிவில் குறிச்சொல் எதற்கு, எதைப் போடுவது?

கட்டுரையைப் பதிவேற்றும்போது, அது எதைப் பற்றியது என்று நாம் சேர்க்கும் ஓரிரு சொற்கள்தான் குறிச்சொல். பிளாகரில் இதற்கு லேபிள் என்று பெயர். தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை மூட்டையின் மேல் ரகத்தை அச்சடிப்பார்கள் இல்லையா? டஸ்ட் ரகம் தேடுகிறவர் பி.ஓ.பி. ரக மூட்டையைப் பிரிக்கப் போவதில்லை. அதே வேலைதான் இதுவும்.

காரணம் எளிது. புதிதாக எழுதுகிறவரை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, விஷயத்தைத்தான் தேடுகிறார்கள். இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அம்மாயி வாழ்ந்த கதையை எழுதிவிட்டு 'வாழ்க்கை', 'நினைவுகள்' என்று போட்டால், அது ஆயிரம் கவிதைகளுக்கு நடுவே காணாமல் போகும். (இந்த இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.) 'மலையகம்', 'லயம்', 'அட்டன்' என்று போடுங்கள். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் உறவுகள் பிரிந்ததும் கதையில் வந்தால் அதையும் சேருங்கள். அப்படி வந்து நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்', ஆகவே அதுவும் உதவும்.

அப்புறம், ஒரு பதிவில் 'அட்டன்', அடுத்ததில் 'ஹட்டன்' என்று மாற்றினால் உங்கள் கட்டுரைகளே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நிறையப் போட்டால் நிறையப் பேர் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மீடியம் தளம் 5க்கு மேல் அனுமதிப்பதே இல்லை, வேர்ட்பிரஸ்.காமில் வகைகளும் குறிச்சொற்களும் சேர்ந்து 15ஐத் தாண்டினால் அந்தப் பதிவு அதன் ரீடர் (வாசகர்கள் பலரின் பதிவுகளைப் பார்க்கும் பக்கம்) பட்டியலில் வராது.