சூட்கேஸை விடு, அறைத்தோழி யார் என்று கேள்

தங்கச்சி, வேதாகமக் கல்லூரி முடித்த கையோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். ஒரு நாள் எப்படிப் போகும், எதிர்ப்பு வருமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சாப்பாடும் குளிரும் தானாகப் பழகிவிடும், அதை விடு. எதிர்ப்பா? நான் இருந்த இடங்களில் கல்லெறிந்தவர் யாரும் இல்லை. கதவைத் திறப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. உன்னை யாரோடு தங்கவைக்கப் போகிறார்கள்?

நான் வந்த புதிதில் ஊழியத்தில் எனக்கு மூத்த ஒருவரோடு ஒரே அறை. அவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எனக்கு மூடியிருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து சத்தமாக ஜெபிப்பார். நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து, நான் பார்க்கும்படி, இன்னொரு தரம் கழுவுவார். பல நாள் இரண்டு பேருக்கும் பேச்சே இருக்காது, ஆனால் சாயங்கால ஜெபம் மட்டும் தவறாது. "ஆண்டவரே, சிலருக்குத் தாழ்மையைக் கற்றுக்கொடும்" என்பார். அறையில் இருந்ததே இரண்டு பேர். நானும் சளைத்தவள் இல்லை, என் முறை வரும்போது கடின இருதயமுள்ளவர்களுக்காக உருக்கமாக மன்றாடுவேன்.

இதெல்லாம் ஊழியர்கள் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் வராது. ஊர் ஊராக ஊழியத்துக்குப் போன பவுலும் பர்னபாவும் மாற்கு என்னும் யோவானை மறுபடி அழைத்துப்போவதா வேண்டாமா என்று சண்டை போட்டுப் பிரிந்தது வேதாகமத்தில் அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. முதல் பயணத்தில் பம்பிலியா நாட்டோடு பாதியில் திரும்பியவன் என்று எத்தனை பிரசங்கத்தில் மாற்கைக் கிழித்திருக்கிறார்கள்! இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் எடுபிடியாகப் போன பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாராவது கேட்டார்களா? பிற்பாடு அதே பவுல்தான் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். அதனால் புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடு: ஒத்துவராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? உன் நேர் மேலாளரே அந்த ஆளாக இருக்கக் கூடாது. கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள். பரவாயில்லை, சொல்லட்டும்.

விசா விஷயத்திலும் கண்டிப்பாக இரு. பல நாடுகளில் மதப் பணிக்கென்று தனி விசா இருக்கிறது. "சுற்றுலா விசாவில் வா, வந்ததும் கர்த்தர் வழி திறப்பார்" என்று எந்த ஸ்தாபனம் சொன்னாலும் நம்பாதே, பிடிபட்டால் நாடு கடத்தப்படப்போவது நீதான். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவைக்காதே. திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கான பணம் உன் பெயரில், உன் கணக்கில் இருக்கட்டும். மாதாமாதம் எவ்வளவு, யார் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கு. 1854-இல் 21 வயதில் சீனாவில் ஊழியம் செய்ய ஷாங்காயில் இறங்கிய ஆங்கிலேயர் ஹட்சன் டெய்லரின் பாடும் இதுதான். அனுப்பிய சங்கத்தின் பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை. 1857-இல் அதைவிட்டு விலகிவிட்டார்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், மொழி வகுப்பு, துணி துவைப்பது, சபையில் நாற்காலி அடுக்குவது, குடிநுழைவு அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருப்பது. பிரசங்கத்துக்கு முதல் வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள். நான் அந்த அலுவலக வரிசையில்தான் மொழியைப் பழகினேன், பக்கத்தில் நிற்கும் கிழவிகளோடு பேசிப் பேசி. இன்று தொலைபேசியில் பேசினால் என்னை வெளியூர்க்காரி என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை. என்னோடு வந்தவர்களில் சிலர் இன்னமும் நம் ஆட்களுக்குள்ளேயே கூடி, நம் பாட்டையே பாடி, "இந்த ஜனங்களுக்கு இருதயம் கடினம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். கடைக்காரனிடம் பேசவே மகளைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள் இருதயத்தைப் பற்றி என்ன கண்டார்கள்?

அப்புறம் இந்த அறிக்கை. மாதம் தவறாமல் எண்ணிக்கை கேட்பார்கள்: எத்தனை வீடு, எத்தனை ஆத்துமா. பொய் எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அடுத்த மாதம் அதைவிடக் கூட்டித்தான் எழுத வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஊழியத்துக்குப் புறப்பட்ட வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். அங்கே அவர் முதல் வங்காளிக்கு, கிருஷ்ண பாலுக்கு, ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். அந்த ஏழு வருடத்தில் ஒரு மகனை அடக்கம் பண்ணினார், மனைவிக்கு மனநோய் வந்தது. இன்றைய ஸ்தாபனமாக இருந்தால் அவரை இரண்டாம் வருடமே திருப்பி அழைத்திருக்கும். இன்னொரு பக்கம், இரண்டே வாரம் ஊழியம் செய்துவிட்டுப் போக வரும் குழுக்கள். ஒரே மாதிரி சட்டை போட்டு வந்து, நன்றாக இருக்கும் சுவருக்கே மறுபடி பெயின்ட் அடித்து, பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் படத்துக்குக் கிடைக்கிற காணிக்கை உன் அறிக்கைக்குக் கிடைக்காது. ஒரு மாதம் வயிற்றெரிச்சல் இருக்கும், பிறகு போய்விடும். எனக்கு முழுசாகப் போகவில்லை.

சரி, எடுத்துவர வேண்டியவை. சான்றிதழ்களின் அசல், தடுப்பூசி அட்டை, கண்ணாடி போடுகிறவளாக இருந்தால் கூட ஒன்று. பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டிவிட்டு வா, வந்த இடத்தில் செலவு தாங்காது. மற்றதெல்லாம் இங்கேயே வாங்கலாம். எந்த நாடு என்று நீ எழுதவே இல்லையே? அதைச் சொன்னால் விசாவைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.