எழுத்தைச் சுமப்பதும் இறக்கி வைப்பதும்: கேள்வி பதில்

எழுதுவதில் இருந்த மகிழ்ச்சி எங்கே போயிற்று, ஓய்வெடுத்தால் எழுத்து கைவிட்டுப் போய்விடுமா, புதிய எண்ணங்கள் எந்த நேரத்தில் வருகின்றன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறேன். சில விடைகள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு இரண்டு வரியே போதுமென்று பட்டது.

கேள்வி: பகலில் அலுவலகம், மாலையில் வீட்டு வேலை. நாவல் ஒன்றைத் தொடங்கி வைத்திருக்கிறேன். எழுத உட்காராத நாள்களில் குற்ற உணர்வு, உட்கார்ந்த நாள்களில் களைப்பு. விடுமுறை நாளில்கூட மனம் ஓய்வதில்லை. என்ன செய்வது ஐயா?

பதில்: உங்கள் களைப்பு எழுதியதால் வந்ததல்ல என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. எழுத வேண்டியதை எழுதாமல் நாள் முழுதும் மனத்தில் சுமந்து திரிவதால் வந்தது அது. ‘இன்று எழுத வேண்டும்’ என்று காலையில் நினைத்து, நண்பகலில் நினைத்து, இரவு பத்து மணிக்கு ‘இனி நாளைக்குத்தான்’ என்று விளக்கை அணைப்பவர், ஒரு சொல்லும் எழுதாமலே நாளெல்லாம் எழுத்து வேலை பார்த்தவர் ஆகிறார். இதற்கு நான் அறிந்த மருந்து ஒன்றுதான்: எழுதும் நேரத்தின் தொடக்கத்தைக் குறிப்பது போலவே முடிவையும் குறித்துவிடுவது.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் எழுதிய நாவல்கள் மொத்தம் 47. அவற்றில் பலவற்றை அஞ்சல் துறையில் அலுவலராக இருந்த காலத்திலேயே எழுதினார். அதிகாலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, முதல் அரை மணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதியதாக, அவர் மறைவுக்குப் பின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார். அந்த 250 சொல்லைக் கேட்டுத்தான் எல்லோரும் மலைக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, காலை உணவுக்கு முன்பே அன்றைய எழுத்து முடிந்துவிட்டது என்பது. அதன்பின் நாள் முழுவதும் அவருக்கு எழுத்துக் கடன் கிடையாது.

உங்களுக்கு அத்தனை நேரம் வாய்க்காது. அரை மணி நேரம் வாய்க்கலாம். வாரத்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். மற்ற மூன்று நாள்களும் எழுத்துக்கு விடுமுறை என்று நாள்காட்டியில் குறித்துவையுங்கள். குறித்த விடுமுறையில் குற்ற உணர்வுக்கு வேலை இல்லை.

கேள்வி: எழுதப் பிடிக்காத நாளில், அது களைப்பா சோம்பலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மனத்தைக் கேட்டால் அது தனக்கு வசதியானதைச் சொல்லும், கடைசியாக எழுதிய பக்கத்தைக் கேளுங்கள். நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று நன்னூல் பத்தைச் சொல்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் அந்தப் பட்டியலில் மூன்றேனும் களைத்த கையின் அடையாளங்கள் என்பது என் கருத்து. சற்றுமுன் சொன்னதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லும் ‘கூறியது கூறல்’; எடுத்துக்கொண்டதை விட்டுவிட்டுப் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பதை வளர்த்துக்கொண்டே போகும் ‘மற்றொன்று விரித்தல்’; மிடுக்காகத் தொடங்கிய நடை போகப்போக நலிந்து முடியும் ‘சென்று தேய்ந்து இறுதல்’. கடைசி இரண்டு மூன்று பக்கங்களில் இவை தென்பட்டால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள். சில நாள் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கங்களை அப்போதே திருத்த முயலவும் வேண்டாம், ஏனென்றால் திருத்தப் போவதும் அதே களைத்த கைதான்.

பக்கம் வெறுமையாகவே இருக்கிறது என்றால் கதை வேறு. சோம்பல் என்று பலர் தம்மைத் திட்டிக்கொள்வது பெரும்பாலும் அடுத்த காட்சி இன்னதென்று தெரியாத அச்சம். அதற்கு ஓய்வு மருந்தாகாது. அந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், அதைக் கொடுக்க மறுப்பவர் யார் என்று தனித்தாளில் எழுதிப் பாருங்கள். பல நேரங்களில் சோம்பல் அந்தத் தாளோடு போய்விடும்.

கேள்வி: அத்தியாயம் முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று நினைப்பவன் நான். அது சரியா?

பதில்: அன்றைக்கு நிறைவாக இருக்கும், மறுநாள் வெற்றுத்தாளின் முன் உட்கார வேண்டியிருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவதாக அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1958-இல் வெளியான ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கத்துக்கு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: எழுந்திருக்கும் முன் தாளின் அடியில் மறுநாளுக்கான ஒரு குறிப்பு எழுதிவைப்பது. ‘அண்ணன் கடிதத்தைப் பார்த்துவிட்டான். அதைப் பற்றிக் கேட்க மாட்டான். தங்கையிடம் இரண்டு முறை தண்ணீர் மட்டும் கேட்பான்.’ இவ்வளவு போதும். மறக்காமல் இருக்க வேண்டுமே என்று மனம் காவல் காத்துக்கொண்டிருந்ததைத் தாள் ஏற்றுக்கொள்கிறது. இரவு உறக்கமும் நன்றாக வருகிறது.

கேள்வி: முதல் நாவல் முடிந்து ஆறு மாதமாயிற்று. ஒரு கருவும் தோன்றவில்லை. ஊற்று வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நன்றாக ஓய்வெடுத்தால் தானாக வரும் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: பாதி உண்மை. ஆறு மாதம் ஒரு நாவலுக்குப் பின் மிகுதியான காலமும் அன்று. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ‘தானாக வரும்’ என்பதில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்ரி புவான்கரே தமக்கு நேர்ந்த ஒன்றை 1908-இல் வெளிவந்த நூலில் விவரிக்கிறார். தம்மை விடாது வருத்திய ஒரு கணிதச் சிக்கலை விட்டுவிட்டு நிலவியல் பயணம் ஒன்றுக்குக் கிளம்பினார். பயண அலைச்சலில் கணிதமே மறந்துபோயிருந்தது. கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டியேறப் படியில் கால் வைத்த நொடியில் விடை தோன்றியது. வண்டியில் உட்கார்ந்ததும் ஏற்கெனவே தொடங்கியிருந்த பேச்சைத் தொடர்ந்தார். சரிபார்த்தது வீடு திரும்பிய பிறகுதான். ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரகாம் வாலஸ் 1926-இல் படைப்புச் சிந்தனையை ஆயத்தம், அடைகாத்தல், ஒளி தோன்றல், சரிபார்த்தல் என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். புவான்கரேயின் அனுபவத்தை இந்த நான்கிலும் பொருத்திப் பார்க்கலாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் படியில் வைத்த காலோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன் பல நாள் அவர் அந்தச் சிக்கலோடு முட்டி மோதியிருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வது குறைவு. ஆயத்தம் இல்லாத இடத்தில் அடைகாக்க எதுவும் இருப்பதில்லை. உங்கள் பழைய நாவலுக்கான ஆயத்தம் அந்த நாவலோடு செலவாகிவிட்டது. எனவே இப்போது செய்ய வேண்டியது அடுத்த நாவலை எழுதுவதும் அல்ல, சும்மா காத்திருப்பதும் அல்ல. உங்களைத் தொந்தரவு செய்யும் ஏதாவது ஒரு கேள்வியை, அது கதையாகுமா என்று பார்க்காமல், பின்தொடருங்கள். அதைப் பற்றிப் படியுங்கள், அறிந்தவர்களிடம் பேசுங்கள், குறிப்பெடுங்கள். அதன்பின் விட்டுவிட்டால் அந்த ஓய்வுக்குள் வேலை நடக்கும்.

கேள்வி: நடந்தால் எண்ணங்கள் வரும் என்பது மெய்தானா?

பதில்: எண்ணங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை மெய். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது தந்ததைவிட நடக்கும்போது பெரும்பாலோர் கூடுதலான புதிய எண்ணங்களைத் தந்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி உள்ளறை நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் அது பலித்தது. ஆனால் ஒரே சரியான விடையைத் தேட வேண்டிய பணியில் நடை உதவவில்லை. ஆகவே கருவைத் தேட நடக்கலாம், திருத்த உட்கார வேண்டும். காதில் யாராவது பேசிக்கொண்டே வரும் நடையை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: முன்பெல்லாம் எழுதுவதே இன்பமாக இருந்தது. என் கதைகள் வெளிவரத் தொடங்கி, எத்தனை பேர் படித்தார்கள், யார் பாராட்டினார்கள் என்று பார்க்கத் தொடங்கியதிலிருந்து அந்த இன்பம் குறைந்துவிட்டது. வாசகர் வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை.

பதில்: சொல்ல வேண்டியதில்லை. 1973-இல் உளவியலாளர்கள் மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்டு நிஸ்பெட்டும் படம் வரைவதில் இயல்பான ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மட்டும் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பாராட்டு கெடுக்கவில்லை, பாராட்டுக்காக என்று முன்பே பேசிக்கொண்டதுதான் கெடுத்தது.

உளவியலாளர் தெரேசா அமாபிலே 1985-இல் எழுதுகிறவர்களிடமே இதைச் சோதித்தார். புகழ், வருவாய் போன்ற வெளிக் காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப் பார்க்கச் செய்தபின் அவர்கள் எழுதிய சிறு கவிதைகள், மற்றவர்கள் எழுதியவற்றைவிடப் படைப்புத்திறனில் குறைவாக மதிப்பிடப்பட்டன. சில நிமிட நினைப்புக்கே இது என்றால், எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எழுத உட்காருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எழுதி முடித்த பிறகு பாருங்கள், முன்னால் பார்க்காதீர்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை என்ற உறுதியோடு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரைகுறை வரிகள், கேட்ட பேச்சுகள், பொருந்தாத உவமைகள் எல்லாம் இருக்கலாம். பிற்பாடு அதிலிருந்து எடுத்து வெளியிடுவேன் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே ஆசை காட்டாதீர்கள்.

கேள்வி: தினமும் எழுத வேண்டுமா, வேகம் வந்த இரவில் விடிய விடிய எழுதலாமா?

பதில்: இரண்டும் விதியல்ல. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை முழுதாக எழுதி முடித்து, எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் மகிழ்ந்தார். அவருடைய மூன்று நாவல்களும் முற்றுப்பெறவில்லை. சிறுகதைக்கு ஓர் இரவு போதலாம். நாவல் பல பகல்களைக் கேட்கும்.

கேள்வி: முதல் வரைவில் இருக்கும் மகிழ்ச்சி திருத்தி எழுதும்போது இல்லை. கடனே என்று செய்கிறேன்.

பதில்: முழுக் கதையையும் சீராக்க உட்காருவதால் அப்படித் தோன்றுகிறது. ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவள் மிகுந்த துயரத்துடன் கதவை மூடினாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துயரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், வாசகர் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் ‘அவள் கதவை மூடினாள்’ என்று மொட்டையாக நிற்கிறது. இப்போது கதவைப் பாருங்கள், அது எப்படிப்பட்ட கதவு? ‘கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழவில்லை. மறுபடி திறந்து, இந்த முறை சத்தம் வராமல் சாத்தினாள்.’ உள்ளே யாரோ உறங்குகிறார்கள் என்பதும், அவர் எழுந்துவிடக் கூடாது என்று அவள் நினைப்பதும் அந்தச் ‘சத்தம் வராமல்’ வந்த பிறகுதான் உங்களுக்கே தெரிகிறது. முதல் வரைவில் இல்லாத ஒருவர் கதைக்குள் வந்துவிட்டார். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, கதையின் போக்கே அதனால் மாறலாம். திருத்துவது வேறு, பிழை பார்ப்பது வேறு. பிழை பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான், அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: துன்பப்பட்டால்தான் நல்ல எழுத்து வருமா?

பதில்: இல்லை. துன்பம் பொருளைத் தரலாம். அதை வாக்கியமாக்க ஓரளவு தெம்பு வேண்டும். மனத்தை ஆற்றிக்கொள்ள எழுதுவது தனி வகை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மைப் பாதித்த நிகழ்வை நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய உடனே முன்னிலும் வருந்தினார்கள். பிந்திய மாதங்களில் மருத்துவ உதவியை நாடியது குறைந்தது. அப்படி எழுதியதைக் கதை என்று அவசரமாக அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. ஒரு நாளில் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ‘ஓய்வெடுங்கள்’, ‘நீண்ட நடை போங்கள்’ என்பதெல்லாம் எனக்குச் சொன்ன அறிவுரையாகவே தெரியவில்லை.

பதில்: நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து எழுதினார். பிள்ளைகள் விழிக்கும் முன் கிடைத்த நேரம் அது என்பதால் அமைந்த பழக்கம் என்று பின்னர் அவரே சொன்னார். இதைச் சான்றாகக் காட்டி ‘நீங்களும் விடியுமுன் எழுந்திருங்கள்’ என்று நான் சொல்லப் போவதில்லை. இரவு மூன்று முறை எழுந்தவருக்கு விடியற்காலை உறக்கம்தான் முதல் தேவை. பதினைந்து நிமிடத்தில் காட்சி எழுத முயன்றால் தொடங்கும்போதே முடிந்துவிடும். ஆகவே அளவைக் குறையுங்கள்: இன்று குழந்தையின் கை உங்கள் விரலைப் பிடித்த விதம், ஒரு உரையாடலின் இரண்டு வரி, ஒரு முகம். இவை கதையாக வேண்டியதில்லை. சில மாதம் இதுவும் இயலாமல் போனால், எழுத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், தள்ளி வைத்திருக்கிறீர்கள். தள்ளி வைத்ததை யாரிடமும் விளக்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: கையால் எழுதுவதா, கணினியிலா, கைப்பேசியிலா?

பதில்: எது கைக்கு வருகிறதோ அது. திரையில் எழுதுவதானால் அந்த அரை மணி நேரமாவது இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு: தட்டச்சு செய்யும்போதே முதல் திருத்தம் நடந்துவிடுகிறது, திரும்பத் தட்டச்சு செய்யக் கை சலிக்கும் வாக்கியம் பெரும்பாலும் வேண்டாத வாக்கியமாகவே இருக்கும்.